ஒன்பதாயிரம் ரூபாய் அறையில் ஓர் இரவு

“என்ன தோழரே, பாண்டிச்சேரியில் மாளிகையில் தங்கி வந்தீர்களாமே!”

வட்டக் கமிட்டிக் கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன் ஒரு தோழர் இப்படிக் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். கேலிக்குள் ஒரு சிறு முள்ளும் இருந்தது. அந்த நேரம் பார்த்து டீ வந்துவிட்டதால் நான் பதில் சொல்லாமல் தப்பித்தேன். ஆனால் கேள்வி நியாயமானது. கட்சி தருகிற அலவன்சில் குடும்பம் நடத்துகிற ஒரு முழுநேர ஊழியனுக்கு, ஓர் இரவுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் வாடகையுள்ள அறையில் என்ன வேலை? பத்திரிகையிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். பஞ்சாலைத் தோழர்களும் வயல்வெளித் தோழர்களும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும்.

முதலில் காசு விஷயம். அது என் காசும் அல்ல, கட்சிக் காசும் அல்ல. என் அக்காள் மகன் பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். கல்யாண நாளுக்கு மனைவியோடு வந்து தங்குவதற்காக மூன்று மாதம் முன்பே அறை பிடித்துப் பணமும் கட்டிவிட்டான். கடைசி நேரத்தில் கம்பெனி லீவு இல்லை என்று கையை விரித்துவிட்டது. கட்டின பணம் திரும்பி வராதாம். “வீணாப் போறதுக்கு நீங்களும் அத்தையும் போய்த் தங்கிட்டு வாங்க மாமா” என்று போனில் சொன்னான். (கை நிறையச் சம்பளம் வாங்குகிறவனுக்கும் கல்யாண நாளில் ஒரு நாள் லீவு கிடைக்காத காலம் இது. அதைப் பற்றி வேறொரு சமயம் எழுத வேண்டும்.)

நான் தயங்கினேன். என் துணைவியார் தயங்கவில்லை. அவர் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை செய்கிறவர். “கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்துல மாநாட்டைத் தவிர வேற எதுக்காவது என்னை வெளியூர் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?” என்று கேட்டார். இதற்குப் பதில் சொல்ல எந்தத் தத்துவ நூலிலும் வழி இல்லை. விழுப்புரத்தில் பஸ் ஏறினோம்.

பாண்டிச்சேரியைப் பார்க்காத தோழர்களுக்காகச் சொல்கிறேன். ஊருக்கு நடுவே வடக்குத் தெற்காக ஒரு பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே கடல் வரைக்கும் வெள்ளைக்காரர் தெருக்கள். மேற்கே நம் ஜனங்களின் தெருக்கள். 1761ல் இங்கிலீஷ்காரன் பிடித்து ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினான். 1765க்குப் பிறகு பிரெஞ்சுக்காரன் திரும்பவும் கட்டினான். 1954 நவம்பர் 1ந் தேதி அவன் நிர்வாகத்தை ஒப்படைத்தான். சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்டு 16ல் நடந்தது. துரை போய்விட்டான், தெருக்களுக்கு அவன் பெயர் நிற்கிறது. கவர்னர் தூமாவுக்கு ஒரு வீதி, கப்பற்படைத் தளபதி சுஃப்ரேனுக்கு ஒரு வீதி. எழுத்தாளர் ரோமன் ரோலண்டுக்கும் ஒரு வீதி உண்டு. அவரைப் பற்றி நமக்குப் புகார் இல்லை.

இன்று இந்தப் பகுதிக்கு “ஒயிட் டவுன்” என்று பெயர். சனி ஞாயிறுகளில் சென்னைக் கார்களும் பெங்களூர்க் கார்களும் தெருவை அடைத்து நிற்கின்றன. காகிதப்பூக் கொடி தொங்குகிற மஞ்சள் சுவர் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவர் நிற்க, ஒருவர் படம் பிடிக்கிறார். இங்கேதான் “பூட்டிக் ஹோட்டல்” என்று சொல்லப்படுகிற விடுதிகள் இருக்கின்றன. பெயரைக் கேட்டு ஏழு மாடிக் கட்டிடம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய துரை வீட்டை இடிக்காமல் செப்பனிட்டுப் பத்துப் பன்னிரண்டு அறையாக ஆக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். நாங்கள் போன இடத்தில் பெயர்ப் பலகைகூட உள்ளங்கை அகலம்தான். தெரிந்தவன் தெரிந்து வந்தால் போதும் என்கிற தோரணை! இரண்டு தடவை அதைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தோம்.

தோழர்களே, பொய் சொல்லக் கூடாது. அந்த வீடு அழகாக இருந்தது. கதவைத் தாண்டினால் திறந்த முற்றம். முற்றத்தில் ஒரு மாமரம். சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம். எங்கள் அறையின் கூரை இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே இருந்தது. நான் மெத்தையில் மல்லாந்து படுத்துக்கொண்டு அந்தக் கூரையைத்தான் வெகுநேரம் பார்த்தேன். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக் கட்டிய ‘மெட்ராஸ் டெரஸ்’ அது. இரும்புக் கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது. வெயில் இறங்காது. சுவரைத் தொட்டால் பளிங்கு மாதிரி வழுக்குகிறது. சுண்ணாம்பை நாட்கணக்கில் ஊறவைத்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசித் தேய்க்கிற வேலை. இதையெல்லாம் செய்தவன் துரையா? நம் ஊர்க் கொத்தனார், நம் ஊர்ச் சித்தாள், நம் ஊர்த் தச்சர். அந்த விடுதி தன்னைப் பற்றி அச்சடித்து வைத்திருந்த வழவழப்பான புத்தகத்தில் பிரெஞ்சுக்காரக் குடும்பத்தின் பெயர் இருந்தது. கொத்தனாரைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஆகவே, “அழகான இடம் முதலாளிக்கு, ஓட்டை லாட்ஜ் நமக்கு” என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள நான் தயாராக இல்லை. என் துணைவியார் அந்தக் குளியலறையில் வெந்நீர் கொட்டுகிற குழாயின் கீழ் அரை மணி நேரம் நின்றார். இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிற தோள்பட்டை அது. அந்த வெந்நீரை யாராவது குறை சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

ஆனால் சாயந்திரம் ஆக ஆக ஒரு விஷயம் உறுத்தியது. அந்த வீட்டில் வேலை நடப்பதே தெரியவில்லை. நாங்கள் கடற்கரைக்குப் போய்த் திரும்பினால் ஈரத் துவாலை போயிருக்கிறது, காய்ந்த துவாலை வந்திருக்கிறது. படுக்கையின் மேல் ஒரு செம்பருத்திப் பூ. யார் வந்தார்கள், யார் செய்தார்கள்? ஒரு காலடிச் சத்தம் கிடையாது. பஞ்சாலையில் இருபது வருஷம் உழைத்தவனுக்கு வேலை என்றால் ஓசை. வயலில் வேலை என்றால் பத்துப் பேர் குரல். இங்கே வேலை என்பது மறைத்து வைக்க வேண்டிய ஒன்று. விருந்தாளி கண்ணில் படாமல் வேலை முடிவதுதான் இங்கே உயர்ந்த சேவையாம். வீட்டின் பின்புறம் ஒரு குறுகலான படிக்கட்டு இருக்கிறது. துரை காலத்தில் வேலைக்காரர்கள் ஏறி இறங்குவதற்காகக் கட்டியது. எல்லாவற்றையும் செப்பனிட்டார்கள், அதன் உபயோகத்தை மாத்திரம் அப்படியே வைத்திருக்கிறார்கள். பகல் சாப்பாட்டை ஊழியர்கள் அந்தப் படியில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்கள்.

மறுநாள் காலை ஒரு சம்பவம் நடந்தது. என் துணைவியார் வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தார். குளித்தார். பிறகு படுக்கை விரிப்பை உதறி, மடிப்பில்லாமல் இழுத்துப் போட்டு, தலையணையை அடுக்கி, துவாலைகளைப் பிழிந்து காயப் போட்டு, தரையையும் ஒரு தடவை துடைத்துவிட்டார். “அந்தப் பொண்ணுக்கு ஒரு வேலை மிச்சம்” என்றார்.

ஒன்பது மணிக்கு அந்த ஊழியர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அறையைப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

“ஏன்க்கா இப்படிச் செஞ்சீங்க? எப்படியும் எல்லாத்தையும் உருவித்தான் போடணும். தலையணை நாலு, மெத்தை விரிப்பு ரெண்டு, எல்லாம் புதுசா மாத்தணும். நீங்க போட்டு வச்ச மாதிரியே விட்டேன்னா, மாத்தலைன்னு சூப்பர்வைசர் எம்மேல எழுதிடுவாரு.”

என் துணைவியார் ஒன்றும் பேசாமல் மெத்தையின் மறுபக்கம் போய் நின்று விரிப்பின் முனையைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து அதை உருவினார்கள். நான் ஒரு மூலையில் நின்று, மெத்தையின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒற்றைக் கையால் தூக்க முடியவில்லை. அந்த அம்மாள் நாளுக்கு ஆறு அறை, சனி ஞாயிறுகளில் எட்டு அறை, ஒவ்வொன்றிலும் இதை நான்கு மூலையும் தூக்கி விரிப்பைச் செருகுகிறார். முதுகு வலி உண்டா என்று கேட்டேன். “அது இல்லாத நாள் எது?” என்று சிரித்தார்.

விரிப்புப் போடுகிற நேரத்தில்தான் கதை வந்தது. அவருடைய தகப்பனார் இந்த ஊரின் மூன்று மில்களில் ஒன்றில் வேலை பார்த்தவர். மில் சங்கு பிடித்தால் அம்மா அடுப்பை மூட்டுவாளாம், அப்பா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம். “எங்க வீட்டுக்காரருக்கும் எம் பசங்களுக்கும் நான் எப்ப வருவேன்னு எனக்கே தெரியாதுக்கா” என்றார். சம்பளம் கையில் பத்தாயிரத்து ஐந்நூறு.

நான் முன்னால் மேஜையில் கிடந்த ரசீதை எடுத்துப் பார்த்தேன். அறை வாடகை ரூ. 9,000. ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட அறை ஆகையால் 18 சதவீத ஜி.எஸ்.டி., ரூ. 1,620. மொத்தம் ரூ. 10,620. அந்த அம்மாள் ஒரு மாதம் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து வாங்குவதைவிட நூற்றிருபது ரூபாய் அதிகம். ஓர் இரவுக்கு!

(வரி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஆயிரம் ரூபாய்க்குள் வாடகையுள்ள லாட்ஜ் அறைக்கு முன்பு வரி கிடையாது. 2022 ஜூலை 18 முதல் அதற்கும் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22ல் அது 5 ஆகக் குறைந்தது. ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கூட்டி வந்து நாலு நாள் லாட்ஜில் கிடக்கிற குடியானவனும் இந்த தேசத்து வரிப் பட்டியலில் ‘சுற்றுலாப் பயணி’தான்.)

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த விடுதிகளில் “பிரேக் ஷிப்ட்” என்று ஒன்று இருக்கிறது. காலை ஏழு மணிக்கு வர வேண்டும். பதினொன்றரைக்கு அறை வேலை முடியும். “போய்விட்டு நாலரைக்கு வா” என்பார்கள். நாலரையிலிருந்து இரவு எட்டு, எட்டரை வரை மறுபடியும் வேலை. பதிவேட்டில் கூட்டிப் பார்த்தால் எட்டு, எட்டரை மணி நேரம். சட்டம் சிரிக்கிறது! ஆனால் அந்த ஊழியருடைய நாள் எங்கே? காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி இரவு ஒன்பதரைக்குத் திரும்புகிறார். நடுவில் ஐந்து மணி நேரம் ஓய்வு என்று பெயர். வீட்டுக்குப் போய்வர ஷேர் ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். அதை மிச்சம் பிடிக்க அந்தப் பின்படியிலேயே உட்கார்ந்திருக்கிறார். வேலையும் இல்லை, விடுதலையும் இல்லை, கூலியும் இல்லை.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இதன் சூழ்ச்சி உடனே புரியும். 1948ஆம் வருஷத்து ஃபாக்டரி சட்டத்தில், இடைவேளை உள்படத் தொழிலாளியின் நாள் பத்தரை மணி நேரத்துக்கு மேல் விரியக் கூடாது என்று எழுதியிருந்தது. முதலாளி இடைவேளையை ரப்பர் மாதிரி இழுத்துவிடுவான் என்று தெரிந்துதான் அப்படி எழுதினார்கள். 2025 நவம்பர் 21ல் பழைய சட்டங்களை எடுத்துவிட்டு நான்கு தொகுப்புச் சட்டங்களை அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். நாளுக்கு எட்டு மணி என்று அவற்றிலும் இருக்கிறது. ஆனால் நாள் எவ்வளவு தூரம் விரியலாம் என்பதை அந்தந்த சர்க்காரின் அறிவிப்புக்கு விட்டுவிட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் பன்னிரண்டு மணி நேர மசோதா வந்ததும், தொழிற்சங்கங்கள் எல்லாம் சேர்ந்து எதிர்த்ததும், அந்த மே தினத்தன்று அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்ததும் நமக்குத் தெரியும். அது வாசல் வழியாக வந்த பன்னிரண்டு மணி. இது பின்படி வழியாக வருகிற பதினான்கு மணி. இதற்கு மசோதா வேண்டியதில்லை.

அதுவும் எந்த ஊரில்? எட்டு மணி நேரத்துக்காக ரத்தம் சிந்திய ஊரில்!

1936 ஜூலை 30. இந்த விடுதித் தெருக்களுக்கு மேற்கே, நடந்து போகிற தூரத்தில், சவானா மில் தொழிலாளிகள் எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். பிரெஞ்சு சர்க்காரின் போலீஸ் சுட்டது. பன்னிரண்டு தொழிலாளிகள் மாண்டார்கள். மறு வருஷம், 1937 ஏப்ரலில், எட்டு மணி நேரத்துக்கு ஆணை பிறந்தது. தோழர் வ. சுப்பையா அந்த இயக்கத்தை நடத்தினார் என்பதை நம் பழைய தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சங்கதியையும் சேர்த்துப் பாருங்கள். அதே 1936 ஜூன் மாதம், பாரீஸ் நகரத்தில் லெயோன் புளும் மந்திரிசபை இரண்டு சட்டங்கள் செய்தது. பிரான்ஸ் தொழிலாளிக்கு வாரம் நாற்பது மணி நேர வேலை. வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை. சட்டசபையில் தானாகப் பழுத்த பழமல்ல. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளிகள் மில்லுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து பறித்தது. அந்தக் கோடையில் பிரெஞ்சு மில் தொழிலாளிகள் பலர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தார்கள். அதே கோடையில், அதே கொடியின் கீழ், பாண்டிச்சேரி மில் தொழிலாளிக்குக் கிடைத்தது குண்டு. கடலைப் பார்த்துப் படுத்து ஓய்வெடுப்பது பணக்காரன் கண்டுபிடித்த சுகமல்ல, தோழர்களே. அதை உரிமையாக எழுதி வாங்கியவர்கள் தொழிலாளிகள். ஆகவேதான் சொல்கிறேன், அந்த விடுதியின் மெத்தையில் நான் வெட்கப்பட்டுப் படுக்கவில்லை.

வெட்கப்பட்டது வேறு ஒன்றுக்கு. பாண்டிச்சேரிக்கு எத்தனையோ தடவை கூட்டத்துக்கு வந்திருக்கிறேன். ஜூலை 30 தியாகிகளுக்கு மாலை போட்டிருக்கிறேன். வாய்க்காலைத் தாண்டி, இந்தத் தெருக்களில் வேலை செய்கிறவன் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறான் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. அதை அந்த விடுதி மானேஜரே சொன்னார். நல்ல பிள்ளை, அவனும் காலை எட்டு மணிக்கு வந்து இரவு பத்துக்குப் போகிறவன்தான். “ஐயா, மில்லு மூணும் போயிருச்சு. ஏ.எப்.டி.யை 2020ல மூடினாங்க. இந்த ஹோட்டலும் இல்லேன்னா இந்தப் பொண்ணுங்களுக்கு வேலை எங்க? மழை மாசத்துல பாதி அறை காலியாத்தான் கெடக்கு” என்றான். உண்மைதான். மில்லை மூடினவர்கள் இந்த விடுதிக்காரர்கள் அல்ல. விடுதியை மூடச் சொல்லி நாமும் கேட்கவில்லை. பத்து விடுதிக்குப் பதில் இருபது வரட்டும். ஆனால் தம்பி, டிசம்பர் கடைசி வாரத்தில் இதே அறை பதினாறாயிரம் என்று நீதானே சொன்னாய்? வாடகை ஏறுகிற வாரத்தில் கூலி ஏறுகிறதா? மழை மாதத்தின் நஷ்டம் மட்டும் தொழிலாளிக்குப் பங்கு போடப்படுகிறது. அவன் பதில் சொல்லவில்லை. காபி கொண்டுவரச் சொன்னான்.

“டிப்ஸ் கொடுங்க மாமா, அவங்க சந்தோஷப்படுவாங்க” என்று அக்காள் மகன் போனில் சொல்லியிருந்தான். கொடுத்தோம். கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கூலி என்பது ஒருவன் மனம் குளிர்ந்தால் வருகிற பொருளா? சர்வதேச தொழிலாளர் நிறுவனம் 1991லேயே ஹோட்டல் தொழிலாளிகளுக்கென்று 172ஆம் ஒப்பந்தத்தைச் செய்து, டிப்ஸ் எவ்வளவு வந்தாலும் அடிப்படைக் கூலியைத் தவணை தவறாமல் கொடுத்தாக வேண்டும் என்று எழுதிவைத்தது. இந்தியா அதை ஏற்கவில்லை.

“பத்துப் பன்னிரண்டு அறை விடுதி, இருபது பேர் வேலை. இவர்களை எப்படித் திரட்டுவது?” என்று நம் தோழர்கள் கேட்பார்கள். கஷ்டம்தான். மில் என்றால் ஒரே கேட்டில் ஆயிரம் பேர் வெளியே வருவார்கள். துண்டுப் பிரசுரத்தை நின்ற இடத்தில் கொடுக்கலாம். இங்கே பின்படி வழியாக ஒவ்வொருவராக வெளியேறுகிறார்கள். பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ., இருபது பேர் இருந்தால் பி.எப். என்பது சட்டம். ஆகவே பதிவேட்டில் பத்தொன்பதாவது பெயரோடு பேனா நின்றுவிட்டால் என்ன செய்வது? மீதிப் பேர் காண்டிராக்ட்காரன் கணக்கு. நிலையாணைச் சட்டத்தின் வரம்பையோ நூறு பேரிலிருந்து முந்நூறு பேராக ஏற்றிவிட்டார்கள்.

முடியாது என்று கையைக் கட்டிக்கொள்வதற்கு முன் பாரீஸ் நகரத்துப் பத்தினியோல் வட்டாரத்தைப் பாருங்கள். அங்கே இபீஸ் என்ற ஹோட்டலில் அறை சுத்தம் செய்த இருபது பேர் 2019 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து பிழைக்க வந்த பெண்கள். ஹோட்டலின் நேரடி ஊழியர்கள்கூட அல்ல, காண்டிராக்ட் ஆட்கள். ஒரு மணி நேரத்துக்கு மூன்றரை அறை என்று வேலையை ஏற்றி, முடியாத நேரத்துக்குக் கூலி இல்லை என்றார்கள். அந்தப் பெண்கள் ஹோட்டல் வாசலில் மேளம் தட்டிப் பாடினார்கள். இடையில் கொரோனா வந்தது. விடவில்லை. இருபத்திரண்டு மாதம் கழித்து, 2021 மே மாதம், வேலைப் பளு குறைந்தது, சம்பளம் ஏறியது, சாப்பாட்டுப் படி கிடைத்தது. அவர்களில் ஒருவரான ராஷெல் கெக்கே மறு வருஷம் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிர்த்து நின்றவர் ஒரு முன்னாள் மந்திரி! துரை தேசத்திலேயே இருபது பேரால் முடிந்தது.

என் யோசனை இதுதான். விடுதிக்கு ஒரு சங்கம் என்று போனால் ஒவ்வொன்றும் இருபது பேரோடு நின்று, முதல் வேலைநீக்கத்திலேயே உடையும். வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள தெருக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சங்கம் வேண்டும். விடுதி, காபிக் கடை, அந்த விரிப்புகளை வெளுக்கிற சலவைக் கூடம் எல்லாம் அதில் சேர வேண்டும். ஒரு விடுதியில் நீக்கினால் அடுத்த விடுதியில் கேள்வி எழ வேண்டும். முதல் கோரிக்கையும் ஒன்றே ஒன்று போதும்: நாளை உடைக்காதே. எட்டு மணி என்றால் தொடர்ந்து எட்டு மணி.

உட்காருவதற்கு ஒரு நாற்காலியையும் சேர்த்துக் கேட்கலாம். வாசலில் நின்று எங்களுக்கு எலுமிச்சை ரசம் கொடுத்த பையன் ஒடிசாக்காரன், இருபது வயதுக்குள் இருப்பான். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தான். தமிழ்நாட்டில் 2021ல் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்ததை நான் அவனிடம் சொல்லப் பார்த்தேன். அவனுக்குத் தமிழில் “வணக்கம் சார்”, “லக்கேஜ் குடுங்க சார்” இரண்டும்தான் தெரியும். எனக்கு ஒடியாவில் அதுவும் தெரியாது.

கூட்டம் எப்போது போடுவது என்பதில்தான் நாங்கள் வழக்கமாகத் தவறு செய்கிறோம். ஞாயிறு மாலை ஆறு மணி என்று அறிவித்தால் இவர்களில் ஒருவர் வர முடியாது. சனி ஞாயிறு அவர்களுக்கு முதுகு ஒடிகிற நாள். யோசித்துப் பார்த்தால் முதலாளி கொடுத்த அந்த ஐந்து மணி நேர ஓய்வே நமக்கு நேரம். செவ்வாய்க்கிழமை பகல் இரண்டரை மணி, பாரதி பூங்காவில், ஆயி மண்டபத்துக்குப் பின்னால் மர நிழல். பாண்டிச்சேரித் தோழர்கள் இரண்டு பேரோடு போன வாரம் போய் உட்கார்ந்தோம். நாலு பேர் வந்தார்கள். அந்த அம்மாள் இன்னொரு விடுதியிலிருந்து தன் நாத்தனாரையும் அழைத்து வந்திருந்தார். ஒடிசாப் பையனும் வந்தான். எங்கள் பேச்சு அவனுக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் கடைசி வரை இருந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு ஒடியா தெரிந்த ஒருவரை அழைத்து வருவதாக அவனிடம் சைகையால் சொல்லியிருக்கிறேன். திருப்பூர், கோவைப் பக்கத்து மில்களில் ஒடியா பேசுகிற தோழர்கள் நிறைய இருக்கிறார்கள். ஒருவர் வர முடியுமானால் பத்திரிகை அலுவலகத்துக்கு உடனே எழுதவும். பஸ் செலவுக்கு ஏற்பாடு செய்யலாம். தங்குவதற்கு இடம் கட்சி ஆபீஸ் பாய்தான்.